‘சைலன்ஸ்’ பாட்டைப் போட்டவர்கள் இண்டஸ்ட்ரியல் ஆட்களா? டெலிரியம் உருவான கதை

கேள்வி: டெலிரியம் குழுவில் எனக்கு ‘சைலன்ஸ்’ ஒன்றுதான் தெரியும். அவ்வளவு மென்மையான பாட்டைப் போட்டவர்கள் ஒரு இண்டஸ்ட்ரியல் குழுக்காரர்கள், டெலிரியம் அவர்களுடைய சைட் புராஜெக்ட் என்கிறார்களே, நிஜமா? பணத்துக்காகப் பாணியை மாற்றிக்கொண்டார்களா?

முதல் பாதி நிஜம். டெலிரியம் 1987-ல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் தொடங்கியது. அங்கே ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஃப்ரண்ட் லைன் அசெம்ப்ளி என்ற இண்டஸ்ட்ரியல் (இரைச்சலும் இயந்திர ஓசையும் நிறைந்த இசை) குழுவின் கிளை அது. இரண்டுக்கும் மூலவர் ஒருவரே, பில் லீப். ஆட்கள் வந்தார்கள், போனார்கள், திரும்பி வந்தார்கள். தொடக்கம் முதல் இன்றுவரை இரண்டிலும் மாறாமல் இருப்பவர் அவர் மட்டும்தான்.

இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முரட்டுத்தனமாக வாசித்தவர்கள் 90-களின் நடுவில் வானொலிக்காக இளகிவிட்டார்கள் என்ற புகார் இண்டஸ்ட்ரியல் ரசிகர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. ஆல்பங்களை வெளியான வருட வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அந்தப் புகார் நிற்காது. அமைதியான பக்கம் முதலிலிருந்தே இருந்தது. பிற்பாடு வந்து சேர்ந்தது பெண் குரல்தான். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயமே. அதற்கு வான்கூவரின் ஒரு சின்ன இசை நிறுவனத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

லீப் பிறந்தது ஆஸ்திரியாவின் வியன்னாவில். சிறுவயதில் கனடாவுக்கு வந்துவிட்டார். 80-களின் நடுவில் வான்கூவரில் ஸ்கின்னி பப்பி என்ற குழு பேர் வாங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு தூண்களுக்கும் வீட்டில் வைத்த பெயர் கெவின். ஒருவர் எழுத்துக்கூட்டலை மாற்றி கெவின் கீ ஆனார். இன்னொருவர் பெயரைப் பின்னாலிருந்து படித்து நிவெக் ஓகர் ஆனார். புனைபெயர்கள் புழங்கிய அந்த இடத்தில் லீபும் வில்ஹெல்ம் ஷ்ரோடர் என்ற பெயரோடு சேர்ந்து, 1985-லும் 86-லும் அவர்களுக்கு பேஸ் சிந்தசைசர் (கீழ்ச்சுருதி ஓசை தரும் மின்னணு கீபோர்டு) வாசித்தார். ஆனால் அங்கே அவர் ஓரத்து ஆள்தான். பாட்டை உருவாக்கும் வேலை வேறு இரண்டு பேரின் கையில் இருந்தது. 1986-ல் வெளியேறி, வீட்டிலேயே கேசட்டுகளில் தன் சொந்த இசையைப் பதிவு செய்யத் தொடங்கினார். அதுதான் ஃப்ரண்ட் லைன் அசெம்ப்ளி. இனி ‘அசெம்ப்ளி’ என்றே சொல்கிறேன்.

ஸ்கின்னி பப்பியை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் நெட்வெர்க். டெர்ரி மெக்பிரைடும் மார்க் ஜவெட்டும் 1984-ல் வான்கூவரில் தொடங்கியது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். அசெம்ப்ளி நெட்வெர்க்குக்குப் போகவில்லை. பெல்ஜியம், ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஐரோப்பாவின் சின்னச் சின்ன லேபிள்களில், அதாவது இசை நிறுவனங்களில்தான் அதன் முதல் ஆல்பங்கள் வந்தன.

இண்டஸ்ட்ரியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக இரண்டு வரி. 1976-ல் லண்டனின் த்ராபிங் கிரிசில் குழுவினர் ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ என்று ஒரு லேபிள் தொடங்கினார்கள். பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. இரைச்சல், இயந்திர ஓசை, நாடாவை வெட்டி ஒட்டுவது, கேட்பவரை நிம்மதியாக இருக்க விடாதது, இதெல்லாம் அதன் குணம். 80-களில் பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242 போன்றவர்கள் இதை நடனத் தாளத்தோடு சேர்த்தார்கள். அசெம்ப்ளி அந்த வழியில் வந்தது: டிரம் மெஷினின் கடும் தாளம், அடுக்கடுக்கான சிந்தசைசர், சிதைத்துவிட்ட ஆண் குரல், போர், இயந்திரம், கண்காணிப்பு என்று கருப்பொருள்கள்.

சரி, டெலிரியத்துக்கு வருவோம். அசெம்ப்ளியில் லீபோடு அப்போது மைக்கேல் பால்ச் இருந்தார். இருவரும் சேர்ந்து, அசெம்ப்ளிக்குப் பொருந்தாத மெதுவான இசையைத் தனியாகச் செய்துபார்த்தார்கள். 1989-ல் பெர்லினின் டாசியர் லேபிளில் ‘ஃபேஸஸ், ஃபார்ம்ஸ் அண்ட் இல்யூஷன்ஸ்’ என்ற பெயரில் முதல் டெலிரியம் ஆல்பம் வந்தது. அதே வருடம்தான் அசெம்ப்ளியின் ‘கேஷ்டு சென்ஸஸ் அண்ட் கிராஸ்ஃபயர்’ ஆல்பமும். ஒன்று கிளப்பில் ஆடுவதற்கு, மற்றது இருட்டில் கேட்பதற்கு. இரண்டையும் செய்தது அதே கைகள். ‘பிற்பாடு இளகினார்கள்’ என்ற வாதம் எனக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

பிறகு பால்ச் இரண்டு குழுவையும் விட்டுப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் ரிஸ் ஃபுல்பர். 1970-ல் பிறந்தவர், லீபோடு பழக ஆரம்பித்தபோது பதின்வயதுப் பையன். டெலிரியத்தின் நல்ல காலம் என்று நான் நினைப்பதெல்லாம் இவர்கள் இருவரும் சேர்ந்திருந்த காலம்தான். ‘மார்ஃபியஸ்’, ‘சைரோஃபினிகன்’, ‘ஸ்டோன் டவர்’, ‘ஸ்பிரிச்சுவல் ஆர்க்கைவ்ஸ்’ என்று 1989 முதல் 1991-க்குள் நான்கு ஆல்பங்கள், எல்லாம் டாசியரில். டெட் கேன் டான்ஸ் குழுவின் தேவாலயத் தன்மையும் டேஞ்சரின் ட்ரீமின் நீண்ட சிந்தசைசர் ஓட்டமும் இவற்றில் தெளிவாகத் தெரியும். பாடகர் என்று யாரும் இல்லை. கேட்கும் குரலெல்லாம் வேறெங்கிருந்தோ எடுத்த துண்டுகள்: மத மந்திரம், ஓதல், பெயர் தெரியாத பெண்ணின் ஆலாபனை.

இந்தத் துண்டுகளுக்கும் அசெம்ப்ளியின் இரைச்சலுக்கும் ஒரே கருவிதான் ஆதாரம், சாம்ப்ளர். எந்த ஓசையையும் பதிந்துகொண்டு கீபோர்டின் கட்டைகளில் வாசிக்க வைக்கும் பெட்டி அது. 80-களின் சாம்ப்ளர்களில் நினைவகம் குறைவு. சில நொடி ஓசைக்குத்தான் இடம். அதனால் சின்னத் துண்டை எடுத்துச் சுழல விடுவார்கள். கீழ்க்கட்டையில் வாசித்தால் சுருதி இறங்கும், கூடவே நீளமும் கூடும். ஒரு இரும்புத் தட்டின் ஓசையை இப்படி இறக்கினால் அது கோயில் மணியாகக் கேட்கும். ஒரு பாதிரியாரின் ஓதலை இறக்கினால் நிலத்தடியிலிருந்து வரும் முணுமுணுப்பு ஆகும். வேகத்தைக் கூட்டித் தாளத்தை முன்னால் வைத்தால் அசெம்ப்ளி. வேகத்தைக் குறைத்து எதிரொலியை முன்னால் வைத்தால் டெலிரியம். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன்தான். ஆனாலும் பழைய ஆல்பங்களை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் இரண்டும் ஒரே பட்டறைச் சரக்கு என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

லீபும் ஃபுல்பரும் இன்னும் பல பெயர்களில் வேலை செய்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாய்ஸ் யூனிட், டெக்னோ பக்கம் சாய்ந்த இன்டர்மிக்ஸ், ஓபரா மாதிரி ஒலிக்கும் வில் என்று ஒரு பட்டியலே உண்டு. சைபராக்டிஃப் சுவாரசியமானது: தான் விட்டு வந்த ஸ்கின்னி பப்பிக்காரர்களோடு லீப் மறுபடி கைகோத்து 1991-ல் செய்த ஆல்பம் அது. இவற்றில் பெரும்பாலானவை இன்று சேகரிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். ஆளுக்கு ஒரு பாணி என்றில்லாமல் பாணிக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். ஒரு பெயரில் வரும் இசை எப்படி இருக்கும் என்று வாங்குபவருக்கு முன்பே தெரியும். அதனால் இசைக்காரர்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது 1994. இந்த ஒரு வருடத்தை மட்டும் யாராவது கவனமாகப் பார்த்தாலே போதும், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். இதற்கு முன் 1992-ல் அசெம்ப்ளி ‘டாக்டிகல் நியூரல் இம்ப்ளான்ட்’ என்ற ஆல்பத்தைப் போட்டிருந்தது. மின்னணு இண்டஸ்ட்ரியலில் அதைத்தான் பலர் உச்சம் என்பார்கள், நானும் அந்தக் கட்சிதான். அதற்கடுத்து 1994-ல் வந்தது ‘மில்லினியம்’. இதில் மெட்டல் (கடும் ராக் இசை) கிட்டார்கள் நுழைந்தன. லீபும் ஃபுல்பரும் அதற்கு முந்தைய வருடம் ஃபியர் ஃபேக்டரி என்ற மெட்டல் குழுவுக்கு ரீமிக்ஸ் (இருக்கும் பாட்டை வேறு ஒலியில் மாற்றிக் கட்டுவது) செய்திருந்தார்கள், அந்தத் தொடர்பின் சாயல் இதில் உண்டு. அவர்கள் செய்ததிலேயே முரட்டுத்தனமான ஆல்பங்களில் இது ஒன்று.

அதே 1994-ல் டாசியரில் ‘ஸ்ஃபியர்ஸ்’, ‘ஸ்ஃபியர்ஸ் 2’ என்று இரண்டு டெலிரியம் ஆல்பங்கள். பழைய பாணி, பாடகர் இல்லை, விண்வெளியில் மிதக்கிற மாதிரி. அதே 1994-ல் இன்னொரு டெலிரியம் ஆல்பமும் வந்தது: ‘செமான்டிக் ஸ்பேஸஸ்’. வெளியிட்டது நெட்வெர்க். இதில் கிரிஸ்டி தர்ஸ்க் என்ற பாடகி வரிகளோடு, முகம் தெரியும்படி, முழுப் பாட்டாகவே பாடியிருந்தார். ‘ஃப்ளவர்ஸ் பிகம் ஸ்க்ரீன்ஸ்’, ‘இன்கான்டேஷன்’ இரண்டும் அவர் குரல்தான்.

ஒரே வருடத்தில் ஒரு பக்கம் மெட்டல், ஒரு பக்கம் குரலற்ற மிதப்பு, ஒரு பக்கம் பாட்டு. பாணியை மாற்றிக்கொண்டவர்கள் இப்படியா செய்வார்கள்? வாசலை ஒன்று கூட்டினார்கள், அவ்வளவுதான். பழையது எதையும் மூடவில்லை.

தர்ஸ்க் எப்படி வந்தார் என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. வான்கூவரில் ரோஸ் க்ரானிக்கிள்ஸ் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவும் நெட்வெர்க்கில்தான் இருந்தது. நெட்வெர்க் அதற்குள் ஸ்கின்னி பப்பி காலத்து நிறுவனமாக இல்லை. ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து அழைத்து வந்த சாரா மெக்லாக்லன் என்ற இளம் பாடகியின் முதல் ஆல்பத்தை 1988-ல் வெளியிட்டு, அவரைப் படிப்படியாக உயர்த்தியிருந்தது. ஒரு பக்கம் பெண் பாடகிகள், மறுபக்கம் மின்னணுக் குழுக்கள், இடையில் ஒரு சின்ன அலுவலகம். டெலிரியம் இந்த அலுவலகத்துக்குள் நுழைந்ததுதான் திருப்பம். டாசியரிலேயே இருந்திருந்தால் பெர்லினிலிருந்து ஒரு பாடகியைத் தேடிப் பிடித்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

சந்தை நிலவரம் தெரியாத அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. 1990 முடிவில் மைக்கேல் க்ரெட்டுவின் எனிக்மா குழு, கிரிகோரியன் ஓதலை (கத்தோலிக்கத் தேவாலயங்களின் பழைய ஓதல்) மெதுவான நடனத் தாளத்தோடு சேர்த்து உலகம் முழுக்க விற்றுக் காட்டிவிட்டது. அதன் பிறகு பிரான்சின் டீப் ஃபாரஸ்ட் குழு. ஓதலும் தாளமும் சேர்ந்த இசைக்குக் கடைகளில் தனி அலமாரியே வந்துவிட்டது. டெலிரியம் அந்த அலமாரிக்குப் போனது உண்மை. ஆனால் 1989-லேயே ஓதலைச் சாம்ப்ளரில் போட்டு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எனிக்மாவைப் பார்த்துக் கற்றார்கள் என்று சொல்வது அநியாயம். கற்றது வேறு: அதைப் பாட்டாகக் கட்டுவது, ரேடியோ நீளத்துக்குள் கொண்டுவருவது.

1997-ல் ‘கர்மா’ வந்தது. முழுக்கப் பாடகிகளை நம்பிய முதல் டெலிரியம் ஆல்பம் என்றே சொல்லலாம். தர்ஸ்க் இருக்கிறார், ‘யூஃபோரியா’வில் ஜாக்கி ஹன்ட், ‘டுயென்டே’யில் கமில் ஹெண்டர்சன். ‘சைலன்ஸ்’ பாட்டுக்கு சாரா மெக்லாக்லன். அதே வருடம் அவருடைய ‘சர்ஃபேஸிங்’ ஆல்பம் வெளிவந்தது; பெண் கலைஞர்களை மட்டும் முன்னிறுத்தி அவர் தொடங்கிய லிலித் ஃபேர் இசைவிழா ஊர் ஊராகப் போனதும் அந்த வருடம்தான். அப்படிப்பட்ட உச்சத்தில் இருந்தவர் ஒரு இண்டஸ்ட்ரியல் குழுவின் சைட் புராஜெக்டில் ஒரு பாட்டு பாடினார் என்றால், ஒரே நிறுவனம் என்ற பக்கத்துவீட்டு உறவு இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆல்பத்தில் இருக்கும் ‘சைலன்ஸ்’ மெதுவான பாட்டு. லத்தீன் ஓதல், அதன்மேல் கனமான தாளம், அப்புறம்தான் மெக்லாக்லனின் குரல். தாளத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள்: அந்த அடியின் கனத்தில் அசெம்ப்ளியின் கை தெரியும். மெல்லிசைக்காரர் யாரும் இவ்வளவு கறாரான டிரம்ஸை ஒரு பாடகியின் கீழே வைக்க மாட்டார்.

பாட்டு உடனே பற்றிக்கொள்ளவில்லை. 1999-ல் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு வெளியீடாக வந்தது. அதே வருடம் ‘ப்ரோக்டவுன் பேலஸ்’ படத்தின் இசைத்தொகுப்பிலும் இடம்பிடித்தது. பிறகு டிரான்ஸ் என்ற வேகமான மின்னணு நடன இசைக்காரர்கள் கையில் போனது. ஏர்ஸ்கேப் ஒரு ரீமிக்ஸ், நெதர்லாந்தின் டியெஸ்டோ ஒரு ரீமிக்ஸ். ஐரோப்பியக் கிளப்புகளில் டிரான்ஸ் கொடிகட்டிப் பறந்த நேரம். 2000 அக்டோபரில் பிரிட்டன் சிங்கிள் பட்டியலில் 3-ஆம் இடம், அயர்லாந்தில் முதலிடம். அசெம்ப்ளி எந்த நாட்டிலும் நெருங்காத உயரம் இது. ஆல்பம் வந்து மூன்று வருடம் கழித்து!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் அதிகம் கேட்டது ரீமிக்ஸ்களைத்தான். அவற்றில் லீபும் ஃபுல்பரும் போட்ட தாளம் கிட்டத்தட்ட முழுதாக நீங்கிவிட்டது. குரலும் மெட்டும் மிஞ்சின, மற்றதெல்லாம் டிரான்ஸ் வேகத்தில் புதிதாகக் கட்டியது. டியெஸ்டோவின் ரீமிக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் ‘டெலிரியம் டிரான்ஸ் குழு’ என்று நினைத்து ‘கர்மா’ வாங்கியவர்கள் திகைத்திருப்பார்கள். அந்த ஆல்பத்தில் டிரான்ஸே கிடையாது. பிற்பாடு 2004-லும் 2008-லும் அதே பாட்டுக்குப் புதுப்புது ரீமிக்ஸ்கள் வந்தன. ஒரு கட்டத்துக்கு மேல் அது அலுப்பு.

‘கர்மா’ வந்த 1997-லேயே ஃபுல்பர் விலகிவிட்டார். ஃபியர் ஃபேக்டரியோடு தொடங்கிய உறவு வளர்ந்து, தயாரிப்பாளராக முழுநேரம் போனார். லீப் தனியாக நிற்கவில்லை. கிறிஸ் பீட்டர்சன் என்பவரோடு அசெம்ப்ளியையும் டெலிரியத்தையும் நடத்தினார். 2000-ல் வந்த ‘போயம்’ இந்தக் கூட்டணியுடையது. ‘சைலன்ஸ்’ ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதால் எதிர்பார்ப்பு அதிகம். சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் குழுவின் லீ நாஷ் பாடிய ‘இன்னசென்டே’ இதில்தான். மத்தியகாலப் பாடல்களைப் பாடும் மீடீவல் பேப்ஸ் குழுவின் குரல்களும் உண்டு.

உங்கள் ‘பணத்துக்காகவா’ கேள்வி பொருந்துகிற இடம் ஏதாவது உண்டென்றால், அது இங்கேதான் என்று நினைக்கிறேன். சைட் புராஜெக்ட் என்பதன் பலமே யாரும் எதையும் எதிர்பார்க்காததுதான். 2000-க்குப் பிறகு டெலிரியத்துக்கு அந்தச் சலுகை போய்விட்டது. ஆல்பத்துக்கு ஒரு பிரபலக் குரல், சிங்கிளுக்கு நாலு கிளப் ரீமிக்ஸ் என்று ஒரு வாய்பாடு உருவானது. 2003-ல் வந்த ‘கைமேரா’வில் ஃபுல்பர் திரும்பி வந்தார், அவர் வந்தும் அந்த ஆல்பம் எனக்கு ரொம்பப் பளபளப்பாகத்தான் படுகிறது. சுவிட்சர்லாந்தின் லூனிக் குழுவைச் சேர்ந்த யாயெல் பாடிய ‘ஆஃப்டர் ஆல்’ மட்டும் நிற்கும். 2006-ன் ‘நுவாஜ் டு மோண்ட்’ அதைவிட மேல். ஆர்மீனிய வம்சாவளிக் கனடியரான ஓபரா பாடகி இசபெல் பைராக்தாரியன் அதில் பாடியிருக்கிறார், பழைய தேவாலய வாடை கொஞ்சம் திரும்பி வந்தது.

சைட் புராஜெக்டே பிரதானத் தொழில் ஆகிவிட்டால் என்ன செய்வார்கள்? அதற்கு இன்னொரு சைட் புராஜெக்ட் வைப்பார்கள்! ஃபுல்பர் விலகியிருந்த காலத்தில் கான்ஜூர் ஒன் என்று தனியாகத் தொடங்கினார். 2002-ல் வந்த முதல் ஆல்பத்தில் ஷினேட் ஓ’கானர் பாடியிருக்கிறார். வெளியீடு, வேறு யார், நெட்வெர்க்தான். டெலிரியத்தைவிடக் கிழக்கத்திய மெட்டுகள் அதிகம், ஆனால் அடிப்படை அதே அச்சு. 2007-ல் லீபும் ஃபுல்பரும் லீ நாஷோடு சேர்ந்து ஃபோலியாஜ் என்ற பெயரில் ஒரு ஆல்பம் போட்டார்கள்.

இதற்கிடையில் அசெம்ப்ளி என்ன ஆனது? சாகவில்லை, இளகவும் இல்லை. 2004-ன் ‘சிவிலைசேஷன்’ ஆல்பத்தில் டெலிரியத்தின் மெட்டு வாசனை அடித்தது நிஜம். கிளையிலிருந்து மரத்துக்குச் சாறு போன அபூர்வமான தருணம் அது. 2013-ன் ‘எக்கோஜெனடிக்’ மறுபடி முரட்டு மின்னணு, கிட்டாரே கிடையாது. 2019-ன் ‘வேக் அப் த கோமா’வில் ஃபால்கோவின் ‘ராக் மீ அமடேயஸ்’ பாட்டை மறுபடி செய்திருந்தார்கள். ஃபால்கோவும் வியன்னாக்காரர், லீபும் வியன்னாவில் பிறந்தவர். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

டெலிரியமும் நிற்கவில்லை, வேகம் குறைந்தது. 2012-ல் ‘மியூசிக் பாக்ஸ் ஓபரா’, 2016-ல் ‘மிதாலஜி’, 2023-ல் ‘சைன்ஸ்’. கடைசி இரண்டும் அமெரிக்காவின் மெட்ரோபோலிஸ் லேபிளில். அது அசெம்ப்ளியின் லேபிள். ஆக, நெட்வெர்க் வழியாகப் பெரிய உலகத்துக்குப் போன கிளை, கடைசியில் தாய்க்குழு இருக்கும் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2024-ல் சைபராக்டிஃப் கூட முப்பது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு ஆல்பம் போட்டது; லீப், ஃபுல்பர், கெவின் கீ மூவரும் அதில் உண்டு.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று அடுத்து கேட்பீர்கள். ‘சைலன்ஸ்’ பிடித்திருக்கிறது என்பதால் ‘கர்மா’வை ரீமிக்ஸ் இல்லாமல், ஆல்பமாக, முதலிலிருந்து கேளுங்கள். அப்புறம் ‘செமான்டிக் ஸ்பேஸஸ்’. அந்த இரண்டிலும் பாடகி இல்லாத பகுதிகள்தான் உங்களுக்கு அதிகம் பிடித்தது என்றால் ‘ஸ்ஃபியர்ஸ்’ பக்கம் போகலாம், அதற்கும் பின்னால் ‘ஸ்டோன் டவர்’. தாளம்தான் பிடித்தது என்றால் நேராக அசெம்ப்ளியின் ‘டாக்டிகல் நியூரல் இம்ப்ளான்ட்’. 1989-ன் ‘மார்ஃபியஸ்’ஸை மட்டும் முதலிலேயே போட்டுவிடாதீர்கள். அது நல்ல ஆல்பம்தான், ஆனால் ‘சைலன்ஸ்’ஸை எதிர்பார்த்துப் போட்டால் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.